கை தூக்கும் வீடு

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஹெலிகாப்டர் வந்தால் நானோ என் வீட்டுக்காரரோ கையைத் தூக்குவோம். உடனே எல்லோரும் பேச்சை நிறுத்திவிட வேண்டும். அது போனபின் கை இறங்கும், விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். "குழம்புல உப்பு" என்று ஆரம்பித்த புகாரை அவர் அரை நிமிஷம் வாயிலேயே அடக்கி வைத்திருந்து, "கம்மி" என்று முடிப்பார். சண்டையைக்கூட நாங்கள் அப்படித்தான் போடுவோம்.

நாலாவது மாடி. அதற்கு மேலே தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்கு மேலே பக்கத்து விமானத் தளத்து ஹெலிகாப்டர்கள்தான். ஓட்டுகிறவன் தும்மினால் என் சமையலறையில் சாரல் அடிக்கும், அவ்வளவு தாழ்வு. தளத்தின் புகார் எண்ணுக்குப் போன் போட்டால், 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது' என்று ஒரு குரல் சொல்லும். முக்கியமாம், மண்ணாங்கட்டி. நான் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஜன்னல் திரை தைக்கிறவள். ஒருநாள் அது திடீரென்று தலைக்கு மேல் வர, பதறியதில் ஓர் ஊசி தொண்டைவரை போய்த் திரும்பியது. அன்றைக்குப் போட்ட சட்டம் இது.

சட்டத்தை ஒழுங்காக மதித்தவள் என் மகள் ஒருத்திதான். ஆறு வயது. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். கை உயர்ந்ததும், வாய்க்குப் பாதி வழியில் கரண்டியோடு அப்படியே நின்றுவிடுவாள். நாங்கள் மறந்து பேசினால், நான் கற்றுக்கொடுத்தபடி உதட்டில் விரலை வைத்துக் காட்டுவாள்.

அந்த வாலுதான் இரண்டு வாரத்துக்கு முன்னால் சட்டத்தை மீறினாள். நான் கையைத் தூக்கினேன். ஜன்னல் அதிர்ந்தது, தையல் மெஷின்மேல் பொத்தான் டப்பா கலகலத்தது. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தாள். உதடு அசைந்தது, ஒரு சொல்லும் எனக்குக் கேட்கவில்லை. சத்தம் போனதும், "ஏம்மா கை தூக்கினே?" என்றாள். சேட்டை என்று நினைத்து அதட்டினேன். மறுநாள் அவள் அப்பாவிடமும் அதையே கேட்டாள்.

இவளுக்குக் காது போய்விட்டது என்றே முடிவு கட்டினேன். கூப்பிட்டால் திரும்புகிறாளே என்று என்னை நானே தேற்றிப் பார்த்தேன். ஆனால் அவ்வளவு பெரிய சத்தத்துக்குக் கண்கூடச் சிமிட்டாத பிள்ளையை என்னவென்று சொல்வது?

"தினம் இதுலயே கிடந்தா பிஞ்சுக் காது என்னத்துக்கு ஆகும்?" என்றார் அவர். அன்றே மருத்துவமனையில் பதிவு செய்தோம்.

காது பரிசோதிக்கிற பெண் வாலுவைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டினாள். "சத்தம் கேட்டா கையைத் தூக்கணும், சரியா?"

"இது எங்க வீட்டு விளையாட்டு" என்று சிரித்தாள் வாலு.

ஒவ்வொரு சத்தத்துக்கும் கை உயர்ந்தது. பரிசோதனை முடிந்து, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தாள் அந்தப் பெண். "ஒண்ணுமில்லைங்க. பூனை நடந்தாக்கூட இவளுக்குக் கேக்கும்."

"அப்புறம் ஹெலிகாப்டர் மட்டும் ஏன் கேக்க மாட்டேங்குது?"

"எந்த ஹெலிகாப்டர்? எங்க வீடும் உங்க தெருவுக்குப் பின்னாலதான். அதையெல்லாம் வேற ஊருக்கு மாத்தி ரெண்டு வாரமாச்சே."

"காலையிலகூட ரெண்டு தடவை வந்துச்சே" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணுடையது விளையாடுகிற முகமாக இல்லை.

அப்படியானால் இரண்டு வாரமாக, சத்தமே இல்லாத வீட்டில் என் பிள்ளை பேசியிருக்கிறாள். நாங்கள் கையைத் தூக்கிக்கொண்டு, ஒரு சொல்லும் காதில் விழாமல், அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"அப்ப நாங்க" என்று ஆரம்பித்தேன். என் கை உயர்ந்தது. பக்கத்தில் அவர் கையும் அதே நொடியில் உயர்ந்தது. ஜன்னல் இல்லாத அறை, சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. மேஜைமேல் பேனா நடுங்கி உருண்டது. அந்தப் பெண்ணின் உதடு அசைந்தது, எனக்கு எதுவும் கேட்கவில்லை.

கண்ணாடிக்குள்ளிருந்து வாலு எங்களைப் பார்த்தாள். பிள்ளைக்குக் காது கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தவள்தான் நான். இப்போது, இவளுக்கு மட்டும் கேட்டுவிடக் கூடாது என்று உள்ளுக்குள் கதறினேன். அவள் பார்வை மெதுவாகக் கூரைக்குப் போயிற்று. கை உயர்ந்தது.

அரை நிமிஷத்தில் சத்தம் தேய்ந்தது. எங்கள் கைகள் இறங்கின.

"நம்மளைப் பாத்துட்டுச் செஞ்சிருப்பா" என்றார் அவர், நெற்றியைத் துடைத்தபடி. நானும் அதையே பிடித்துக்கொண்டு ஓடிப்போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்தேன்.

"போயிடுச்சு கண்ணு. கையை இறக்கு."

வாலு இல்லை என்று தலையாட்டினாள். தூக்கிய கையை இறக்காமலே, நான் கற்றுக்கொடுத்தபடி, மறுகையின் விரலை உதட்டில் வைத்தாள்.