‘நாங்கள்’ என்று எழுதியதற்கு நான்கு மதிப்பெண்

மார்ச் மாதம் பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை. இலக்கணப் பிழை ஏதுமில்லாத ஒரு வாக்கியத்துக்காகப் பன்னாட்டியல் துறை மாணவி ஒருத்திக்கு நான்கு மதிப்பெண் குறைக்கப்பட்டது.

மாணவிக்கு வயது நாற்பத்தொன்று. உடன் படிக்கும் பிள்ளைகளுக்கு அவள் ‘பெரியக்கா’. பதினெட்டு ஆண்டுகள் ஒரு மருத்துவமனையின் புகார்த் தொலைபேசியை எடுத்து, ஊரார் வசவையெல்லாம் காதில் வாங்கி, அவர்களிடமே மன்னிப்பும் கேட்டவள். அதன் பிறகே பட்டப்படிப்பில் சேர்ந்தாள். ‘பண்பாடுகளுக்கிடையே பழகும் திறன்’ என்னும் தாளில் அவள் பெற்றது நாற்பத்தாறு. ஐம்பது இருந்தால்தான் அயல்நாட்டில் ஒரு பருவம் படிக்கச் செல்வோர் பட்டியலில் இடம். பட்டியல் அன்று மாலை ஐந்து மணிக்கு முடிகிறது.

கேள்வி இதுதான்: ஒரு நாட்டின் சரக்குக் கப்பல் பக்கத்து நாட்டின் பாலத்தில் மோதிவிட்டது; கப்பல் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கடிதம் எழுதுக. அவள் எழுதினாள்: “நாங்கள் செய்த தவறுக்கு வருந்துகிறோம்.” ‘நாங்கள்’ என்பதைச் சிவப்பு மை வளைத்திருந்தது. அருகில் ஒரு குறிப்பு: “பிரித்துப் பேசும் சொல். ‘நாம்’ என்பதே உறவை வளர்க்கும்.”

தாளைத் திருத்திய விரிவுரையாளரின் அறை நான்காம் மாடியில். “நாலு மார்க்குக்கு நாலு மாடி ஏறணுமா?” என்று தொலைபேசியில் கேட்டார், தையற்காரரான அவள் கணவர்.

“லிஃப்ட் ரிப்பேர். ஏறித்தான் ஆகணும்.”

“அவரு வாத்தியாரு. பார்த்துப் பேசு.”

“பேசக் கத்துக்கத்தானேங்க ஃபீஸ் கட்டியிருக்கு?”

மூச்சிரைக்க வந்து நின்றவளை உட்காரச் சொன்ன விரிவுரையாளர், மதிப்பீட்டு விதித்தாளை அவள் பக்கம் தள்ளினார்.

“மூணாம் விதியைப் பாருங்கம்மா. எல்லாரையும் சேர்த்துப் பேசினா மார்க். நீங்க கோடு கிழிச்சிட்டீங்க.”

“‘நாம் செய்த தவறு’ன்னு எழுதினா, பாலத்தைப் பறிகொடுத்தவங்களையும் தப்புல கூட்டு சேர்த்ததா ஆகாதா சார்?”

“அது உங்க வாதம். விதி விதிதான்.”

விடைத்தாளை அவள் மேசைமேல் விரித்தாள். கை பட்டதா, பட வைத்தாளா என்பது அவளுக்கே வெளிச்சம். அவளுடைய தண்ணீர் பாட்டில் சாய்ந்து, விதித்தாளையும் அவர் சட்டைக் கையையும் ஒருசேர நனைத்தது.

“மன்னிச்சுக்குங்க சார். நாம கொஞ்சம் கவனமா இருந்திருக்கணும்.”

“நாமளா? தட்டிவிட்டது நீங்க. நான் சும்மாதானே உட்கார்ந்திருக்கேன்?”

“அந்தப் பாலமும் சும்மாதான் சார் நின்னுச்சு.”

கேட்பவரையும் உள்ளடக்குவது ‘நாம்’. அவரை விலக்கி நிற்பது ‘நாங்கள்’. பள்ளிப்பிள்ளையும் அறிந்த இந்த வேறுபாடு அவர் சட்டைக் கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவர் நாற்பத்தாறை அடித்து, ஐம்பது என்று எழுதிக் கையொப்பமிட்டார். மணி நான்கு முப்பத்தைந்து.

“போதுமா?”

“எனக்குப் போதும் சார். அந்த மூணாம் விதி? அடுத்த வருஷமும் பிள்ளைங்க எழுதுவாங்களே.”

“அது குழு போட்ட விதி. நாம எல்லாரும் சேர்ந்து யோசிப்போம்.”

“நாமளா சார்?” என்று கேட்டுவிட்டு, நான்கு மாடிகளையும் ஓட்டமாய் இறங்கினாள். பட்டியலில் கடைசிப் பெயர் அவளுடையது.

விதி மட்டும், காய்ந்து சுருங்கிய தாளில், இன்னும் அப்படியே இருக்கிறது. இதை வாசிக்கும் நீங்கள் அத்தகைய குழு எதிலேனும் அமர்பவரானால், ‘நாம் திருத்துவோம்’ என்று நழுவாதீர்கள். பேனாவை எடுங்கள், அந்த வரியை நீங்களே அடியுங்கள்.