உள்ளே விட்ட துணி

ஆடி முதல் வெள்ளி, காலை பத்தரை மணிக்கு மின்சாரம் போனது. ஆனந்தவள்ளியின் மோட்டார் மிஷின் ஒரு ரவிக்கையின் கைக்குழியில் பாதியில் நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஹைருன் பீவியின் ஊசி நிற்கவில்லை.

"ஏட்டி, கரண்டு போயிட்டு."

"போவட்டும். எனக்கென்ன?" ஹைருன் தலை நிமிரவில்லை.

ஹைருன் அடுத்த வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. அவள் கணவன் சீசனில் குற்றாலத்துக்கும் மற்ற நாட்களில் செங்கோட்டைக்கும் வேன் ஓட்டுகிறான். பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் அவள் ஆனந்தவள்ளியின் கடைக்கு வந்துவிடுவாள். கடை என்பது தென்காசியில் கோயிலுக்குப் பின்தெருவில் ஆனந்தவள்ளி வீட்டின் முன்னறைதான். முதல் நாள் வந்தபோதே மிஷினுக்கு அடியில் கிடந்த வெட்டுத்துணிகளைப் பார்த்து, இதையெல்லாம் என்ன செய்வாய் என்று கேட்டாள். ஆனந்தவள்ளி ஒரு பை நிறைய அள்ளிக் கொடுத்தாள். குப்பையில் போவதுதானே என்று நினைத்தாள்.

மூன்று மாதத்தில் அந்தக் குப்பை ஒரு போர்வையாகத் திரும்பி வந்தது. மேலே துண்டுகள், அடியில் பழைய வேட்டி, இரண்டையும் சேர்த்து நெடுக ஓட்டுத்தையல். ஆனந்தவள்ளி அதை விரித்துப் பார்த்தாள். முதலில் அவள் கண்ணில் பட்டவை தவறுகள். தையல் நேராக ஓடவில்லை. ஓரிடத்தில் துணி சுருங்கியிருந்தது. ஒரு மூலை மற்றதைவிட விரற்கடை நீளம். இருபது வருடம் ரவிக்கை தைத்தவளுக்கு இவை உடனே தெரியும். பிறகு அவள் போர்வையைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாள். ஆரஞ்சுக்குப் பக்கத்தில் வெளிறிய ஊதா. அதற்குப் பக்கத்தில் யாரோ ஒரு கிழவிக்குத் தைத்த மண் நிறம். அவள் கையாலேயே வெட்டியெறிந்த துணிகள். அவை ஒன்றுக்கொன்று பேசும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. போர்வையை மடித்து ஹைருனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

அதன்பிறகு வாடிக்கையாளர்கள் வந்தால் முதலில் ஜன்னலோரம் போனார்கள். "இங்க பாருங்களேன், இது எஞ் சேலைத் துண்டுல்லா" என்று தொட்டுப் பார்த்தார்கள். பிறகுதான் ரவிக்கையை வாங்கினார்கள். ரவிக்கை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். சரியாகத்தான் இருந்தது. சரியாக இருப்பதைப் பற்றிச் சொல்ல யாருக்கும் ஒன்றும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கதவைச் சாத்திக்கொண்டு ஆனந்தவள்ளியும் ஒரு போர்வை தைக்க முயன்றாள். ரவிக்கைக்கு அளவு ஜாக்கெட் இருக்கும். அதைப் பக்கத்தில் விரித்துவைத்து வெட்டுவாள். இதற்கு அளவு கிடையாது. அவள் கட்டிலை அளந்தாள். எல்லாத் துண்டுகளையும் ஒரே சதுரமாக வெட்டினாள். மிஷினில் நூல் பிடித்தாற்போல் நேராகத் தைத்தாள். முடித்து விரித்தபோது குளியலறைத் தரை போல இருந்தது. அதை நாலாக மடித்து இஸ்திரி மேசைக்கு அடியில் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் வெட்டும் விதம் மாறியது. மிச்சம் விழுகிற துணியை எல்லாம் ரவிக்கையின் விலாப்பக்கம் உள்ளேயே விட்டு மடித்துத் தைத்தாள். பின்னால் உடம்பு போட்டால் பிரித்துவிடலாம் என்று எல்லாத் தையல்காரர்களும் கொஞ்சம் விடுவதுதான். அவள் விட்டது கொஞ்சம் அல்ல. கையில் நீளமாக மடித்தாள். முதுகில் மடித்தாள். மிஷினுக்கு அடியில் விழுந்தவை விரல் அகலச் சிம்புகளும் நூலும்தான்.

"என்ன ஆனந்தி, பை காத்து மாதி இருக்கு?" என்றாள் ஹைருன்.

"துணி மிஞ்சலட்டி. எல்லாரும் அளந்துல்லா கொண்டு வாரா."

அடுத்த வாரம் ராமலட்சுமி டீச்சர் தைத்த ரவிக்கையோடு திரும்பி வந்தார். உள்பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். "ஏம்மா, வெலாவுல என்ன தலகாணியா வச்சு தச்சிருக்க? நான் இன்னும் பெருப்பேம்னு முடிவே பண்ணிட்டியோ?"

"இருக்கட்டும் டீச்சர். நாளப்பின்ன பிரிச்சுக்கிடலாம்லா."

"டீச்சர், தீவாளிக்குள்ள நெரப்பிருங்க" என்றாள் ஹைருன். மூவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் ஹைருன் அந்த மடிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிம்புகள் கிடந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தச் சிம்புகளைத்தான் அவள் இப்போது தைத்து முடித்துக்கொண்டிருந்தாள். வேறு துணி இல்லாததால் எல்லாம் ஒல்லிக் கீற்றுகள். பச்சையும் சாம்பலும் அங்கங்கே ஒரு வெள்ளைச் சரிகையும் சாய்வாக இறங்கின. முந்தையதைவிட இது நன்றாக இருந்தது. பல மடங்கு நன்றாக இருந்தது. ஆனந்தவள்ளி மின்சாரம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்திருந்தாள். பட்டினி போட்டால் மெலியும் என்று நினைத்தது இப்படி வளர்ந்து நின்றது.

தைத்த போர்வையைத் தண்ணீரில் ஒருமுறை அலசினால்தான் துணிகள் ஒன்றாக இறுகும் என்பாள் ஹைருன். செவ்வாய்க்கிழமை அலசினாள். நாலு நாளாக விடாத சாரல். அவள் வீட்டில் காய வழியில்லை. ஆனந்தவள்ளியின் கடையில் மின்விசிறிக்கு அடியில் கயிறு கட்டிப் போட்டாள். "கொஞ்சம் பாத்துக்கோ. ரேசன் கடைக்குப் போயிட்டு வந்திருதேன்" என்று குடையை விரித்தாள்.

அவள் போன சற்று நேரத்தில் ஸ்ரீமதி வந்தாள். குற்றாலத்தில் லாட்ஜ் நடத்தும் குடும்பத்து மருமகள். ஆவணி முகூர்த்தத்துக்குப் பட்டு ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவள், பையை மேசையில் வைக்காமலே கயிற்றடியில் போய் நின்றாள். ஈரப் போர்வையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தாள்.

"அய்யோ, என்னக்கா இது! சாரல் விழுத மாதியே இருக்கே. நீங்க தச்சதா?"

"ஆமா" என்றாள் ஆனந்தவள்ளி.

அவ்வளவு சுலபமாக இருந்தது. துணி என்னுடையது, வெட்டியது என் கை, மின்விசிறி கூட என்னுடையது என்று உள்ளே ஒரு குரல் வரிசையாகச் சொன்னது. ஸ்ரீமதி போர்வையை ஏறிட்டுப் பார்த்த அதே கண்களோடு திரும்பி அவளையும் பார்த்தாள். யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை. ஸ்ரீமதி செல்போனை எடுத்து, போர்வைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். ஆனந்தவள்ளி கழுத்திலிருந்த அளவு டேப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

ஹைருன் திரும்பியபோது போர்வை பாதி காய்ந்திருந்தது. "யாரும் வந்தாவளா?"

"ஒரு பட்டு ரவிக்கை வந்திச்சு" என்றாள் ஆனந்தவள்ளி.

பத்து நாள் கழித்து ரவிக்கை வாங்க ஸ்ரீமதி வந்தாள். ஹைருன் ஜன்னலோரம் அடுத்ததற்குத் துண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீமதி அவளுக்கு ஒரு புன்னகையைக் கொடுத்துவிட்டு நேராக ஆனந்தவள்ளியிடம் வந்தாள். ரவிக்கையைக் கேட்கவில்லை. கொண்டுவந்த பெரிய பையை மேசைமேல் கவிழ்த்தாள். பழைய சுடிதார்கள், ஒரு தாவணி, லாட்ஜின் கிழிந்த திரைச்சீலை.

"அக்கா, அன்னைக்கு நீங்க தச்ச போர்வைய போட்டோல பாத்துட்டு வீட்ல எல்லாரும் ஒரே பேச்சு. எனக்கும் கத்துத்தாங்க. நானே ஒண்ணு தைக்கணும். எதுலருந்து ஆரம்பிக்கணும்னே தெரியல."

ஆனந்தவள்ளி துணிக்குவியலைப் பார்த்தாள். கை தானாகக் கத்தரிக்கோலைத் தேடி எடுத்தது. எடுத்தபின் அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒவ்வொன்றின் விலையும் நெசவும் சாயம் போகுமா போகாதா என்பதும் பார்த்தவுடன் தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. வெளியே சாரல் வலுத்தது.

ஹைருன் கையிலிருந்த துண்டுகளை மடியில் அடுக்கிவைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அப்படி இருக்க அவளால் முடிகிறதே என்று ஆனந்தவள்ளிக்கு அந்த நேரத்திலும் பொறாமையாக இருந்தது. ஹைருன் எழுந்து வந்தாள். நாற்காலியை மேசையருகே இழுத்து, ஸ்ரீமதிக்குப் பக்கத்தில், அவளைப் போலவே கற்றுக்கொள்ள வந்தவளாக உட்கார்ந்தாள்.

"சொல்லு ஆனந்தி, நானும் கேக்கேன். அந்தப் போர்வையில மொதல்ல எந்தத் துண்ட வச்ச?"