கூர்லே வீட்டுக்கு ஒரு பாவி

தன் முன்னோர்களில் ஒரே ஒரு அயோக்கியனாவது அகப்பட வேண்டும் என்று நினியன் கூர்லே நான்கு வருடமாக வேண்டிக்கொண்டிருந்தார். அதுவும் சபையில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், தலை குனிந்து. கடவுளுக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்திருக்கும்.

கில்மேரன், ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கடற்கரையில் ஒரு சின்ன ஊர். வியாழக்கிழமைதோறும் நூலகத்தின் பின்னறையில் வம்சாவளி தேடும் சங்கம் கூடும். ஏழு பேர், இரண்டு கணினி, ஒரு கெட்டில். அந்த அறையில் ஒருவருடைய மதிப்பு அவர் வீட்டுப் பாவத்தைப் பொறுத்தது. இருநூறு வருடத்துக்கு முன் ஒழுங்காக வாழ்ந்து செத்தவனுக்கு ஏட்டில் ஞானஸ்நானம் ஒரு வரி, கல்யாணம் ஒரு வரி. தப்புச் செய்தவனுக்கோ, சபை மூப்பர்கள் கூட்டம் போட்டு, சாட்சி விசாரித்து, யாரோடு, எங்கே, கதவு தாழிட்டிருந்ததா என்பது வரை பக்கம் பக்கமாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சங்கத்தின் செயலாளர் ஹெக்டர் பிரியின் முன்னோர் ஒருத்தி, ஓய்வுநாளில் மீன் கழுவியதற்காகவும், தட்டிக்கேட்ட மூப்பரை அதே மீனால் அறைந்ததற்காகவும் பதினொரு பக்கம் சம்பாதித்திருந்தாள். அவளைப் பற்றிப் பேசும்போது ஹெக்டருக்கு மாப்பிள்ளை வீட்டுத் தோரணை வந்துவிடும்.

"என்னய்யா நினியன், உங்க வம்சத்துல ஒருத்தனுக்குக்கூட ரத்தம் ஓடலயா?" என்று வாரம் தவறாமல் விசாரிப்பார்.

நினியனின் சிக்கல் வில்லியம் கூர்லே என்ற ஆள். ஐந்து தலைமுறைக்கு முந்திய பாட்டன். 1851 மக்கள்தொகைக் கணக்கில் வயது 52, தொழில் மீன்பிடிப்பு, ஊர் கில்மேரன். அதுவரை சரி. பிறந்த இடம் என்ற கட்டத்தில் மட்டும் 'அயர்லாந்து' என்று நிற்கிறது. கூர்லேக்கள் ஃபைஃப்காரர்கள், அடுத்த ஊருக்குப் போவதற்கே நாலு நாள் யோசிக்கிறவர்கள். கடல் தாண்டிப் போய்ப் பிறக்க வேண்டிய அவசியம் என்ன? அயர்லாந்துப் பக்கத்து ஏடுகளில் பாதி, 1922-இல் டப்ளினில் பிடித்த தீயில் சாம்பலாகிவிட்டன. நினியன் அங்கே ஆன்ட்ரிம் வட்டாரத்துக்கு ஒன்பது கடிதம் எழுதினார். எட்டு வருத்தங்களும் உருளைக்கிழங்கு ரொட்டி செய்யும் குறிப்பு ஒன்றும் வந்து சேர்ந்தன.

இதற்கெல்லாம் அவ்வளவு அவசரம் ஏன் என்றால், காரணம் இரண்டாவது கணினியில் உட்கார்ந்திருந்தது. ரோனா லம்ஸ்டன். ஓய்வு பெற்ற மருத்துவச்சி. ஊரில் பாதிப் பேரை இந்த உலகத்துக்குள் இழுத்துப்போட்டவர். கணவர் போய் ஒன்பது வருடமாகிறது. இன்வர்னஸில் இருக்கும் மகள், வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்து இரு என்கிறாள். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போகாதீர்கள் என்று சொல்ல நினியனுக்கு ஆசை. ஆனால் வில்லியமின் தகப்பன் யாரென்று கண்டுபிடித்த பிறகுதான் வாயைத் திறப்பது என்று தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தார். மூலம் தெரியாத வம்சத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண்மணியின் முன்னால் போய் நிற்பது மரியாதையில்லை என்பது அவர் வாதம். அதற்குப் பயம் என்று இன்னொரு பெயர் உண்டு. இருபத்தொன்பது வருடம் பஸ் ஓட்டி ஒரு நிமிடம் தாமதித்ததில்லை என்று பெயர் வாங்கிய மனிதர், இந்த ஒரு நிறுத்தத்துக்கு மூன்று வருடம் தாமதமாகிவிட்டார்.

அந்த வியாழக்கிழமை, கடைசி வியாழக்கிழமை. வெளியே கடல்மூட்டம் சன்னல் வரை வந்து நின்றது. ரோனா தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"அயர்லாந்தை விடுங்க நினியன். நம்ம ஊர் மூப்பர் ஏட்டைத் திறங்க. ஆயிரத்து எழுநூத்தித் தொண்ணூத்தேழு, ஆகஸ்ட்."

அதில் இருப்பதெல்லாம் ஆண்ட்ரூ கூர்லே என்ற மூப்பரின் கையெழுத்துத்தான் என்றார் நினியன். ஊரிலேயே பரிசுத்தமான மனிதர். டேவிட் என்று ஒரு மகன், ஞானஸ்நானத்தோடு சரி. சின்ன வயதிலேயே செத்திருப்பான், அவன் பெயர் அப்புறம் எங்கும் இல்லை.

"அதனாலதான் சொல்றேன், படிங்க."

படித்தார். பிரசங்க நேரத்தில் சபைக்கு வராதவர்களைப் பிடிக்க மூப்பர்கள் முறை வைத்து ஊரைச் சுற்றிவருவது அந்தக் காலத்து வழக்கம். அன்றைக்கு ஆண்ட்ரூவின் முறை. படகுக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். கிரிசல் டாஷ் என்ற பெண் இருந்தாள். கூட ஓர் ஆண். மேல் பாதியைப் பாய்த்துணிக்குள் மறைத்துக்கொண்டான். மூப்பரின் வாக்குமூலத்தைச் சபை எழுத்தர் அப்படியே எழுதியிருந்தார்: 'கால்கள் மட்டும் தெரிந்தன. காலுறைகள் என் மனைவி பின்னியவற்றை ஒத்திருந்தன.'

நினியன் இருக்கையின் நுனிக்கு வந்தார்.

அடுத்த கூட்டத்தில் மூப்பர் ஆண்ட்ரூவுக்கு வயிற்றுவலி, வரவில்லை. அதற்கடுத்த கூட்டத்திலும் அதே வயிறு, அதே வலி. ஆள் யார் என்று கிரிசலைக் கேட்டபோது, மூப்பர் வீட்டில் எத்தனை ஜோடி காலுறை குறைகிறது என்று எண்ணிப் பாருங்கள் என்றாளாம். எண்ணிப் பார்ப்பதற்குள் டேவிட் கூர்லே மேற்குக் கரைக்கு நடந்துபோய், படகேறி, அயர்லாந்து சேர்ந்துவிட்டான்.

இரண்டு வருடம் தள்ளி, நினியன் கனவில்கூடக் கேட்கத் துணியாத ஒன்று கிடைத்தது. ஆன்ட்ரிமிலிருந்து ஒரு சபைப் போதகர் எழுதிய கடிதத்தின் நகல். உங்கள் ஊர் டேவிட் கூர்லே இங்கே மணம் முடித்திருக்கிறான். மகன் வில்லியமுக்கு ஞானஸ்நானம் கேட்கிறான். அவன் நடத்தைக்குச் சான்று தர முடியுமா? அதன் கீழே கில்மேரன் மூப்பர்களின் தீர்மானம்: 'நெடுநேரம் ஆலோசித்து, மேற்படி டேவிட்டின் உடல்நலம் எப்போதும் நன்றாக இருந்தது என்று பதில் எழுதப்பட்டது.'

நினியன் எழுந்து ஒரு சுற்று ஆடினார். எலும்புக்குத் தெரியாமல் ஆடியதால் நாற்காலி விழுந்தது, கெட்டில் மூடி உருண்டது. ஹெக்டரின் இரண்டு கன்னத்தையும் பிடித்து, எங்கள் வீட்டிலும் உண்டய்யா, கூட்டத்தைக் கூட்டிய மூப்பரின் மகனே உண்டய்யா என்று அறிவித்தார். சங்கமே எழுந்து கை தட்டியது. ஹெக்டர் மட்டும், மீனால் அடித்தது மீனால் அடித்ததுதான் என்று முனகினார்.

"இன்னும் ஒரு பக்கம் இருக்கு," என்றார் ரோனா.

அது 1798 மார்ச். குழந்தையைப் பெற்று ஒரு மாதம்கூட ஆகாத கிரிசல், சபை முழுவதும் பார்க்க, பாவம் செய்தவர்கள் ஏறி நின்று வருந்துவதற்கென்று போட்டிருந்த மனஸ்தாப முக்காலியில் மூன்று ஞாயிறு தனியாக ஏற வேண்டியிருந்தது. மூன்றாவது ஞாயிறு, வருந்துகிறாயா என்று போதகர் கேட்டார். பதிலையும் எழுத்தர் விடாமல் எழுதியிருந்தார்: 'அவன் வந்து பக்கத்தில் நிற்பான் என்று இரண்டு வாரமும் வாசலைப் பார்த்தேன். வரவில்லை. அதற்கு வருந்துகிறேன்.'

ஆட்டம் நின்றது. நினியன் நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார்.

"கிரிசல் எங்க வீட்டு ஆளு," என்றார் ரோனா. "அந்தக் குழந்தை ஜேனட். எங்க அம்மா வழி. போன மாசமே பாத்துட்டேன்."

ஹெக்டர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். டேவிட்டின் மகன் வில்லியம், மகள் ஜேனட். ஒரே தகப்பன், வேறு வேறு தாய். அதிலிருந்து இந்தப் பக்கம் ஐந்து தலைமுறை, அந்தப் பக்கம் ஐந்து தலைமுறை. அண்ணன் தங்கையும் ஆகாது, அந்நியரும் ஆகாது என்று ஏதோ ஒரு முடிவுக்கு வந்து குழம்பினார். நம் கணக்கில் அது மாமன் வழியும் அத்தை வழியும். மறுபேச்சில்லாமல் தாம்பூலம் மாற்ற வேண்டிய முறை. ஸ்காட்லாந்தில் அந்த வசதி கிடையாது. அவர்களே யோசித்து, அவர்களே வாயைத் திறந்து கேட்டுக்கொள்ள வேண்டும்.

நினியனுக்கு ஒன்று மட்டும் விளங்கியது. தேடிய பாவி கிடைத்துவிட்டான். அவனுடைய பாவம் கொட்டகையில் நடந்தது அல்ல. வாசலைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி நிற்க, வராமல் இருந்தானே, அதுதான். அந்தக் குணம் இருநூறு வருடம் கெடாமல் இறங்கி வந்து, அவள் வம்சத்துப் பெண்ணுக்குப் பக்கத்துக் கணினியில் மூன்று வருடமாகச் சும்மா உட்கார்ந்திருந்தது.

மேல்தட்டுப் புத்தகம் எடுக்கப் போட்டிருந்த முக்காலியை இழுத்து அறையின் நடுவில் வைத்தார். ஒரு கையால் ஹெக்டரின் தலையைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் ஏறினார். விழுந்தால் நூலகம் பொறுப்பில்லை என்று ஹெக்டர் கீழிருந்து எச்சரித்தார்.

"ரோனா," என்றார் நினியன். "நாங்க லேட்டா வர்ற ஜாதி. வந்துட்டேன். இன்வர்னஸ் போகாதீங்க. என்னைக் கட்டிக்கிறீங்களா?"

ரோனா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எத்தனையோ பிரசவம் பார்த்தவர். தலை வெளியே தெரிந்த பிறகு அவசரப்படக் கூடாது என்று தெரியும்.

"அவ மூணு ஞாயிறு தனியா நின்னா," என்றார் கடைசியில். "நீங்க மூணு ஞாயிறு சபையில என் பக்கத்துல வந்து உட்காருங்க. எல்லாரும் பாக்க. அதுக்கப்புறம் பதில் சொல்றேன்."

"மகளுக்குச் சனிக்கிழமை என்ன சொல்வீங்க?"

"வீடு விக்கிறதுக்கு இல்லேன்னு சொல்வேன். இறங்குங்க முதல்ல, இடுப்பு போயிடும்."

ஞாயிற்றுக்கிழமை நினியன் முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய், கதவு திறக்கும் வரை மழையில் நின்றார். ரோனா வந்து, லம்ஸ்டன் குடும்பம் எப்போதும் உட்காரும் மூன்றாவது வரிசையில், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் பாட்டு பின்வரிசையில் பாதியிலேயே தேய்ந்து, பிறகு கிசுகிசுவாக மாறியது. போதகர் பிரசங்கத்தைத் தொடங்க வாயைத் திறந்ததும், ஊர் வழக்கப்படி எல்லாக் கைப்பைகளும் திறந்தன. ஒவ்வொரு வீட்டம்மாவும் தன் ஆளுக்கு ஒரு வெள்ளைப் பெப்பர்மின்ட் கொடுத்தாள். ரோனாவும் பையைத் திறந்தார். பார்வை போதகர் மேல் இருக்க, கை மட்டும் பக்கவாட்டில் வந்தது.

நினியனுக்குப் பல்செட்டு, மிட்டாய் ஆகாது. வாங்கி வாயில் போட்டு, கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். நாற்பது நிமிடப் பிரசங்கம். அதற்குள் மிட்டாய் கரைந்துவிடக் கூடாதே என்ற கவலையில் என்ன வேதபாகம் என்றே அவர் கவனிக்கவில்லை.