ஏழாவது பேனல்

"சூரியன் அஸ்தமித்துவிட்டது" என்று மாமா குரலை உயர்த்தியபோது காலை மணி பத்தேகால். ஜன்னல் வழியே வந்த வெயில் அவருடைய வழுக்கையில் பட்டுச் சுவரில் தெறித்துக்கொண்டிருந்தது. பதினோரு வருடமாகக் குடியிருப்போர் சங்கத் தலைவர். பத்துப் பேர் சேர்ந்து நின்றால் அவருக்கு அது கூட்டம்; கூட்டம் என்றால் பேசியாக வேண்டும். கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்த தங்கை கணவரைக் கைகாட்டி, "வானத்துச் சூரியனை வீட்டுக்கு வரவழைத்து வேலை வாங்கிய மாமனிதர்" என்றார். மாமனிதர் மறுப்பு எதுவும் சொல்லவில்லை.

மாமனிதரின் மகள் கையில் ஒரு நீள ஒயரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரோ கேட்டார்கள். யார், எதற்கு என்பது மறந்துவிட்டது. பெட்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தது. மாடியில் அப்பா வைத்த பன்னிரண்டு சோலார் பேனல்கள் அவரைக் குளிராக வைத்திருந்தன.

மாமா பேசும்போதெல்லாம் அப்பா ஒரு காரியம் செய்வார். யாருக்கும் தெரியாமல், ஆள்காட்டி விரலால் தொடையில் ஒரு சின்ன வட்டம் போடுவார். அம்மாவும் மகளும் சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடுவார்கள். அப்பா முப்பத்துநாலு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். வீடு பூட்டியிருந்தால் உள்ளே போக முடியாது. போன மாத அளவை வைத்து உத்தேசமாக ஓர் எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும். அப்படிக் கண்ணால் பார்க்காமல் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டுவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு பூட்டிய வீடுகள் இல்லாமல் போகவே, வட்டம் மாமாவுக்கு வந்து சேர்ந்தது.

இப்போது மாமா தனக்கும் மாப்பிள்ளைக்கும் இருந்த ஒத்த கருத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் தன்னையறியாமல் பெட்டிக்குள் அப்பாவின் விரலைப் பார்த்தாள். ஒத்த கருத்தாவது. மாமா வீட்டு மாடியிலும் பேனல்கள் உண்டு. வாங்கிய நாளிலிருந்து அவர் அவற்றுக்கு ஒரு துளி தண்ணீர் காட்டியதில்லை. மழை வந்து கழுவிவிடும் என்பது அவர் கட்சி. மழை கழுவாது, தூசியைச் சேறாக்கி ஒட்டவைக்கும் என்பது அப்பாவின் கட்சி. பருவம் மாறும்போதெல்லாம் அப்பா காலை ஏழரைக்கெல்லாம் வாளியும் நீளக் கம்பு மாட்டிய மாப்பும் எடுத்துக்கொண்டு மாடி ஏறிவிடுவார். கண்ணாடி சூடேறும் முன் முடித்தாக வேண்டும், சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும் என்பார்.

ஒவ்வொரு பேனலையும் துடைத்துவிட்டு மகளுக்கு ஃபோன் செய்வார். அவருடையது பொத்தான் ஃபோன். எந்த பேனல் எவ்வளவு மின்சாரம் தருகிறது என்று காட்டும் செயலி மகளின் ஃபோனில் இருந்தது. "இப்ப எவ்வளவு?" என்பார். அவள் பார்த்துச் சொல்வாள். கைப்பிடிச் சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொள்வார். மாமாவின் முகத்தில் அடிப்பதற்கான ஆதாரம் அது. பன்னிரண்டு பேனல், பன்னிரண்டு ஃபோன்.

முதல் வருடம் பார்த்துச் சொன்னாள். இரண்டாம் வருடத்திலிருந்து பார்க்காமலே சொன்னாள். அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரத்தில், ஒரு கையில் சீப்பும் காதில் அப்பாவுமாக, முந்நூற்று எழுபது, முந்நூற்று எண்பத்திரண்டு என்று வாய்க்கு வந்ததைச் சொல்வாள். அவரும் "சரிம்மா" என்று வைத்துவிடுவார்.

நேற்றும் ஆறு முறை கூப்பிட்டார். ஆறு எண் சொன்னாள். ஏழாவது முறை மணி அடித்தபோது எட்டு ஐம்பத்திரண்டு. அலுவலகக் கூட்டம் தொடங்கியிருந்தது. நேரத்தை வீணாக்காமல் இருப்பது எப்படி என்று மேலாளர் நாற்பது ஸ்லைடுகளோடு விளக்கிக்கொண்டிருந்தார். அவள் துண்டித்தாள். மணி திரும்ப அடிக்கவில்லை. ஒன்பதரைக்குத் தேநீர் கொண்டுபோன அம்மா, அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மாப் மடிமேல் கிடந்தது. ஃபோன் கையில் இருந்தது. மாரடைப்பு, சில நிமிடங்கள்தான் என்றார் டாக்டர்.

எந்தச் சில நிமிடங்கள்?

நேற்றிலிருந்து மண்டைக்குள் ஓடுவது அது ஒன்றுதான். ஏழாவது அழைப்பு அளவு கேட்கவா, இல்லை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டதா? செயலியில் பார்க்கலாம் என்றால், ஒவ்வொரு பேனலின் பழைய அளவுகளையும் அது காட்டுவதற்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். அதற்கு யாருக்கு நேரம் இருந்தது? ஆக ஒரே வழி, மாடிக்குப் போய்ப் பார்ப்பது. ஏழாவது பேனல் துடைத்திருந்தால் வழக்கமான ஃபோன். தூசியோடு இருந்தால் வேறு. நேற்று முழுக்க ஆஸ்பத்திரி, காகிதம், கையெழுத்து. இன்று காலை மூன்று முறை மாடிப்படி வரை போனாள். மூன்று முறையும் ஏதோ வேலை இருப்பதாக நினைவு வந்து திரும்பினாள். என்ன வேலை என்பது நினைவு வரவில்லை.

வண்டி வர அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். பேச்சு முடிந்துவிட்டது. கூடத்தில் மாமாவைக் காணோம். எங்கிருந்தோ தண்ணீர் சத்தம் கேட்டது. மேலே.

ஒயரோடு ஓடினாள்.

மாமா பேன்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, குழாயைப் பிடித்து, பன்னிரண்டாவது பேனலுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். கொளுத்தும் வெயிலில், தொட்டால் சுடும் கண்ணாடியில். அப்பா பார்த்திருந்தால் அந்தப் பெட்டியைத் திறந்துகொண்டு வந்திருப்பார்.

"மாமா."

"மாப்ள பாதியில விட்ட வேல. சும்மா உக்கார முடியலம்மா."

எல்லாம் பளபளவென்று இருந்தன. ஏழாவதும். அவள் அதன் பக்கத்தில் போய் நின்றாள்.

"இது எப்படி இருந்துச்சு மாமா? நீங்க ஊத்தறதுக்கு முன்னாடி. துடைச்சிருந்துச்சா, தூசியா இருந்துச்சா?"

மாமா அந்த பேனலைப் பார்த்தார். ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியலம்மா. கண்ண மறைச்சிருச்சு. வரிசையா ஊத்திட்டே போயிட்டேன்." பிறகு, "ஏன் கேக்கற?"

"சும்மா."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். தகரக் கூரை நிழலில், மழை படாத இடமாகப் பார்த்து, பேனல் வைத்த நான்கு வருடத்து எண்களும் வரிசை வரிசையாக எழுதப்பட்டிருந்தன. கடைசி வரிசை நேற்றையது. ஒன்று முதல் பன்னிரண்டு வரை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியிருக்கிறார். ஆறு வரை எதிரே எண்கள். ஏழுக்கு எதிரே வெறும் சுவர். அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

பிறகுதான் அதைப் பார்த்தாள். ஆறு எண்களுக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன வட்டம்.

அதற்கு முந்தைய வரிசையிலும் இருந்தது. அதற்கு முந்தையதிலும். முந்நூற்று எழுபது, வட்டம். முந்நூற்று எண்பத்திரண்டு, வட்டம். விரலை வைத்துக்கொண்டே பின்னால் போனாள். முதல் வருடத்து எண்களுக்கு மட்டும் வட்டம் இல்லை. காலை எட்டு மணி வெயிலுக்கு முந்நூற்று எழுபது வராது என்பது, முப்பத்துநாலு வருடம் மீட்டர் பார்த்தவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் அடுத்த பேனலுக்கும் கூப்பிட்டிருக்கிறார். அதற்கடுத்ததற்கும்.

"ஏழுக்கு எதிர ஒண்ணும் எழுதலையே" என்று மாமா அவளுக்குப் பின்னால் நின்று சொன்னார். சுவர் ஓரம் கிடந்த சாக்பீஸைக் குனிந்து எடுத்தார். "இப்ப எவ்வளவுன்னு பாரும்மா."

அவள் ஃபோனை எடுத்தாள். செயலியின் கடவுச்சொல் மறந்திருந்தது. இரண்டு முறை தப்பாகப் போட்டு மூன்றாவதில் திறந்தது. சக்கரம் சுற்றியது. ஏழாவது கட்டத்தைத் தொட்டு, வெயிலுக்குக் கையை மறைத்துப் பார்த்தாள். எண் மாறி மாறி ஓடி ஓரிடத்தில் நின்றது.

"இருநூத்தித் தொண்ணூத்தி நாலு."

மாமா எழுதினார். எழுதிவிட்டுப் பின்னால் தள்ளி நின்று பார்த்தார். "மத்ததெல்லாம் முந்நூத்தி எழுபது, எண்பதுன்னு நிக்குது. இது மட்டும் ஏன் இவ்வளவு கம்மி? கெட்டுப்போச்சா?"

"இல்ல மாமா. இது சரியாத்தான் இருக்கு."

கீழே வண்டி வந்துவிட்டதாக யாரோ கூப்பிட்டார்கள். மாமா சுருட்டிய பேன்டை இறக்கிவிட்டுக்கொண்டு படி இறங்கினார். அவள் ஒயரைத் தோளில் மாட்டியபடி நின்றாள். ஈரக் கையால் எழுதியதில் நான்கு மட்டும் கொஞ்சம் பரவியிருந்தது. பக்கத்தில் வட்டம் இல்லை. ஏழாவது பேனலின் கீழ் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தளத்தில் விழுந்து, விழுந்த இடம் தெரியாமல் காய்ந்துகொண்டிருந்தது.