கட்டத்தில் போட்ட கோடு

மேசையின் தலைப்பக்கம் விசாரணை அதிகாரி. அவருக்கு வலப்பக்கம் ஆலை மேலாளர். எதிரே கையில் கட்டுடன் பாய்லர் இயக்குபவர். கதவோரப் பெஞ்சில் அவர் மனைவி. ஜன்னலோரம், ஆலைகளின் அளவுக்கருவிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் நான், சான்றிதழ்க் கோப்புடன். பாய்லர் வெடித்து இருவர் இறந்த ஒன்பதாம் நாள்.

அழுத்தம் பத்தைத் தாண்டக் கூடாது. இயக்குபவர் அழுத்தமானியைப் பார்த்துப் பதிவேட்டில் கடைசியாக எழுதியிருந்தது பத்து புள்ளி இரண்டு.

“தாண்டித்தான் ஓட்டியிருக்கான். அவன் கையெழுத்தே சொல்லுதே,” என்றார் மேலாளர்.

அதிகாரி அந்த அழுத்தமானிக்கு நான் கொடுத்த சான்றிதழைத் திருப்பினார். “ஐயப்பாடுங்கற கட்டத்துல கோடு போட்டிருக்கீங்க. ஐயமே இல்லைன்னுதானே அர்த்தம்?”



நான் வேலையில் சேர்ந்தபோது சான்றிதழில் ஒரே ஓர் எண்தான். பின்னால் ‘பிழை’ என்றொரு கட்டம் வந்தது: நாங்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் மூலக்கருவியைவிட அந்தக் கருவி எவ்வளவு கூடக் காட்டுகிறது, எவ்வளவு குறைய. அதற்கும் பிறகுதான், மூலக்கருவியும் தடுமாறும், பார்க்கிற கண்ணும் தடுமாறும், அதையும் கணக்கிட்டு எழுது என்று ‘ஐயப்பாடு’ வந்தது. எங்கள் தலைமை அலுவலர் சிரித்தார். “நம்ம மேலயே நமக்குச் சந்தேகம்னு முத்திரை குத்திக் குடுக்கறதா? கோடு போடுய்யா.” பதினோரு வருடம் போட்டேன்.

“கணக்குப் போடலைன்னு அர்த்தம் சார்,” என்றேன்.

“இப்பப் போடுங்க.”

பழைய குறிப்புகளை விரித்துப் போட்டேன். அரைமணி நேரம் ஆயிற்று. கூடவோ குறையவோ, புள்ளி நான்கு.

“அப்போ இவர் தாண்டலைன்னு எழுதிக் குடுங்கண்ணே,” என்றார் மனைவி.

“அப்படியும் எழுத முடியாதும்மா. ஒன்பது புள்ளி எட்டாவும் இருந்திருக்கலாம், பத்து புள்ளி ஆறாவும் இருந்திருக்கலாம்.”

“நல்லா அளந்தீங்க, போங்க,” என்றார் மேலாளர்.

இயக்குபவர் என் பக்கம் திரும்பினார். “தண்டனை கெடக்கட்டும் சார். செத்த ரெண்டு பேரும் எங்கூட ஒரே தட்டுல சாப்பிட்டவங்க. நான் தாண்டினேனா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

நான் கோப்பை மூடினேன்.

மறுநாள் அதிகாரிக்கு எழுதினேன்: ‘கோடு என்பது சுழியம் அன்று. இந்த அளவை வைத்து இவர் வரம்பு மீறினார் என்று சொல்ல இயலாது. மீறவில்லை என்றும் இயலாது. கட்டத்தை நிரப்பாமல் விட்டவன் நான்.’

கையெழுத்திட்டு, உறையை ஒட்டி, அரக்கு வைத்து, தபால் நிலையத்தில் நீட்டினேன். குமாஸ்தா தராசில் வைத்தார்.

“சரியா இருபது கிராம்,” என்று பைக்குள் போட்டார்.