கிண்ணியாத் துறையில் மூன்று வரி

1974 கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை, கிண்ணியாத் துறையில் ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கும், பாதை என்கிற தட்டை மிதவை, அறுபத்து மூன்று பேரோடும் நான்கு ஆடுகளோடும் தண்ணீரில் படாமல் அக்கரைக்குப் போனது.

காரணம் ஸல்ஹாவின் ஹைக்கூ. அவளுக்குப் பத்தொன்பது வயது. கொழும்புப் பேப்பரில் தொப்பை இன்ஸ்பெக்டரும் அவருடைய நாயும் தினமும் மூன்று கட்டங்களில் வருவார்கள். ஸல்ஹா அந்தப் படக்கதையை வெட்டி, பேச்சை மையால் மறைத்து, கட்டத்துக்கு ஒரு வரியாக அன்றைய செய்தியை எழுதுவாள். மூன்றே வரியில் பாட்டை முடித்துவிடும் ஜப்பான்காரரைப் பற்றிச் சஞ்சிகையில் படித்த நாளிலிருந்து இந்தப் பைத்தியம். பாண் சுடக் கோதுமை மா கிடைக்காத நாட்களில் எழுதியது இது:

பாணுக்கு வரிசை.
நாய் முன்னால் நிற்கிறது,
இன்ஸ்பெக்டருக்கு இடம் பிடித்து.

வாசித்துச் சிரித்த மச்சான் ஜவாஹிர் உட்கார்ந்திருந்த கதிரையை விட்டு அந்தரத்தில் கிளம்பிக் கூரை முகட்டில் முட்டி நின்றார். "சிரிச்சது காணும், இறங்குங்க. தேத்தண்ணி ஆறுது" என்றாள் அவர் மனைவி ஜெஸீமா, ஸல்ஹாவுக்கு மூத்தவள், ராத்தா. ஒரு கிழமையில் ஊருக்குப் பழகிவிட்டது. சிரிக்கிறவர்கள் எதையாவது பிடித்துக்கொண்டார்கள்.

அந்தச் செவ்வாய் நிறைமாதமாயிருந்த ஜெஸீமாவுக்குப் பிள்ளை நோ கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் இரண்டு உயிரும் மிஞ்சாது என்றாள் மருத்துவிச்சி. அவளைப் பாதையில் ஏற்றிய பிறகுதான் வெள்ளம் கரைக்குக் கரை கட்டியிருந்த இழுவைக் கம்பியை அறுத்துக்கொண்டு போனது. தோணிக்காரர் எவரும் இறங்கத் துணியவில்லை.

ஸல்ஹா அன்றைய பேப்பரோடு ஒரு நெல்மூட்டையில் ஏறினாள். "எல்லாரும் கைப்பிடிய இறுக்கிப் பிடிச்சிக்கிட்டுச் சிரியுங்க."

"தண்ணியில ஓட்டத்தான் எனக்குச் சம்பளம், தங்கச்சி" என்றார் பாதைக்காரர் ஆதம்பாவா. அவள் வாசித்தாள்:

வெள்ளம் வருகிறது.
இன்ஸ்பெக்டர் மறிக்கிறார்:
டிக்கட் எங்கே?

முதலில் கிளம்பியவை ஆதம்பாவாவின் கால்கள்தான். பிறகு எல்லாரும் கிளம்ப, அவர்கள் பிடித்த பிடியில் பாதையும் சொட்டச் சொட்ட எழும்பியது. பின்காற்று அதைத் தள்ளிக்கொண்டு போனது.

நடுத்துறையில் சனம் கீழே பார்த்தது. வேரோடு மரங்கள் புரண்டு ஓடின. அந்தக் கலங்கல் மேல் பாதையின் நிழல், அத்தனை தலைகளோடும் ஆடாமல் கடந்தது. ஆடுகளும் எட்டிப் பார்த்தன. வியப்பில் சிரிப்பு நின்றுபோக, பாதை தாழ்ந்தது. நுரைக்கும் அடிப்பலகைக்கும் இடையில் ஒரு சாண்தான். ஸல்ஹா அவசரமாக அடுத்ததைத் தொடங்கினாள்:

இன்ஸ்பெக்டர் மிதக்கிறார்.
நாயும் மிதக்கிறது.

மூன்றாவது வரி ஸல்ஹாவுக்கு வரவில்லை. "சொல்லு புள்ள" என்று ஜவாஹிர் கெஞ்சினார். பாயில் கிடந்த ஜெஸீமா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "என்ட பிள்ளைக்கு மட்டும் இறங்கோணுமாம்."

பாதை மூன்று முழம் எழும்பியது. அக்கரையில் வண்டிக்காரர் தம்பிராசா தன் மாட்டுவண்டியைப் பாதைக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தி, ஜெஸீமாவை முதலில் இறக்கினார். பின்னேரம் அஸர் தொழுகை நேரத்தில் ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

புதுக் கம்பி வரப் பதினொரு நாளானது. அதுவரை பாதை சிரிப்பிலேயே போய் வந்தது. ஒரே பகிடியை இரண்டு தரம் வாசிக்கிறாள் என்றுதான் சனம் குறை சொன்னது.