தலைமாட்டில் இருந்தவள்

தத்தெடுத்த குழந்தை வீட்டுக்கு வந்து ஆறு நாளாகியும் அது அவள் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. நாள் முழுக்கத் தொட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து அதன் பூமுடியைக் கோதிவிடுவாள். குழந்தையின் கண்கள் மேலே உருண்டு, அவளைத் தாண்டிச் சுவருக்குப் போய்விடும். பால் குடிக்கும்போதோ கண்ணை இறுக மூடிக்கொள்ளும். கால்மாட்டில் நின்று துணி மாற்றும் அவள் கணவனை மட்டும் விழித்து விழித்துப் பார்க்கும்.

"என்ன பண்றது, அழகு அப்படி" என்று அவன் சிரித்தான். அவளுக்குச் சுருக்கென்றது. சுமக்காதவள் என்று இதற்குத் தெரிந்துவிட்டதோ?

ஏழாம் நாள் அவள் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்துக்கு அரைநாள் போகவேண்டியிருந்தது. பொரியப்போகும் முட்டைக்கு அவள் விடுப்பு எடுத்தது தெரியுமா என்ன? இருட்டில் பொரித்த, எந்த முகத்தையும் பார்த்திராத கோழிக்குஞ்சை ஒரு நீளப் பெட்டியின் நடுவில் விடுவார்கள். ஒரு முனையில் முகம்போல ஓர் அட்டை: மேலே இரண்டு கரும்புள்ளி, கீழே ஒன்று. மறுமுனையில் புள்ளிகள் தாறுமாறாக. பெரும்பாலான குஞ்சுகள் முகத்திடம்தான் ஓடும், யாரும் சொல்லித்தராமலே.

அன்று மூன்று குஞ்சுகள் அடுத்தடுத்து நின்ற இடத்திலேயே நின்றன.

"இதுங்களும் எனக்கு முகம் குடுக்க மாட்டேங்குதே" என்றாள்.

அட்டை வெட்டும் உதவியாளப் பெண்ணுக்கு அங்கே கத்தரி என்று பெயர். அவள் எட்டிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ அக்கா, தலைகீழா மாட்டிட்டேன்! குஞ்சைத் திட்டாதீங்க, என்னைத் திட்டுங்க."

அவள் திட்டவில்லை. அட்டையையே பார்த்தாள். கீழே இரண்டு, மேலே ஒன்று. தலைமாட்டிலிருந்து குனியும் அவள் முகமும் குழந்தைக்கு இப்படித்தானே தெரியும்? இத்தனை வருடம் இதே வேலை செய்பவளுக்கு இது எப்படித் தோன்றாமல் போனது? எதிரே போய் நின்று, அப்போதும் அது பார்க்காவிட்டால்? அந்தப் பயம்தான் அவளைத் தலைமாட்டிலேயே உட்காரவைத்திருந்தது.

அட்டையைத் திருப்பி மாட்டினாள். நாலாவது குஞ்சு தத்தித் தத்தி ஓடியது.

வீட்டுக்கு வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு தொட்டிலின் கால்மாட்டுக்குப் போனாள். குனிந்தாள். அலைந்த கண்கள் நின்றன. அவள் முகத்தில் நின்றன.

எந்த முகமானாலும் அது பார்த்திருக்கும். அவளுக்கு அது தெரியும். ஆனால் எதிரே இருந்தது அவள் முகம்.

"என் இடத்தைப் பிடிச்சிட்டியா?" என்றான் கணவன்.

"ஆமா. இனிமே துணி நான்தான் மாத்துவேன்."

"வாய்ப்பேச்சு வேண்டாம் தாயே, எழுதிக் குடுத்துடு."